செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

வேலை பார்க்கும் ஆலையின் தவறை வெளியே சொன்னால், உப்பிட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கலாமா என்பார்கள். அண்ணனுக்காக மடிந்த கும்பகர்ணனுக்கு உருகும் நாம், அறத்தின் பக்கம் போன வீடணன் பெயரை வசையாக்கிவிட்டோம். ஆனால் ஆலத்தியூர் போன்ற சிமெண்ட் ஊரில் தொழிலாளியின் கூலி யாரும் போட்ட சோறல்ல, அவர் உழைப்பின் விலை. சுண்ணாம்புத் தூசியைச் சுவாசிப்பவர்கள் சக தொழிலாளிகளும் அக்கம்பக்கத்தாரும்தான். கடன் இருந்தால் அவர்களுக்கே. ஆலை மீது பொய்ப் புகார் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தெரிந்தே பொய் சொல்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது 2014-ஆம் ஆண்டின் தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம். வேடிக்கை, அந்தச் சட்டமே இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர் மீதான புகார்களுக்குத்தான். தனியார் ஆலைத் தொழிலாளிக்கு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாயிருந்தால், 2013 கம்பெனிச் சட்டம் சொல்லும் உள்புகார் ஏற்பாடு உண்டு. கதவைத் தட்டுவதும் திறப்பதும் அதே வீட்டுக்குள்.