வாயிற்படியும் அறமும்

சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் மாளிகை, 1842ஆம் ஆண்டளவில், அமெரிக்காவினின்று கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பெற்றது. ஐஸ் ஹவுஸ் என்னும் பெயர் அதனால் வந்தது. பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் இல்லமாயிற்று, 1917இல் அரசுடைமையாயிற்று. அங்கேதான் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் இளம் விதவையர் தங்கிக் கற்கும் விடுதியை நடத்தினார். அம்மையாரும் சிறுமியாயிருந்தபோதே கணவனை இழந்தவர்; 1911இல் பட்டம் பெற்றவர். மூலையில் முடங்க விதிக்கப்பெற்ற பெண்கள் அம்மாளிகையிலிருந்து ஆசிரியைகளாய் வெளிவந்தனர்.

ஆயினும் அவ்விடுதி பிராமண விதவையருக்கே உரியதாயிருந்தது. ஒரு சாராரை விலக்கிச் செய்யும் நன்மை அறமாகுமா?

ஆகாது என்பர் சிலர். பிறரையும் சேர்த்திருந்தால் பெற்றோர் தம் பெண்களை அனுப்பியே இருக்கமாட்டார், ஆதலின் வேறு வழியில்லை என்பர் வேறு சிலர். முன்னவர், துடைக்கப்பட்ட கண்ணீரும் மெய்யான கண்ணீரே என்பதை மறந்தனர். பின்னவர், அவ்வுடன்பாட்டின் விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்க மறந்தனர். விலை கொடுத்தவள் உள்ளே இருந்தவள் அல்லள். வாயிலுக்கு வெளியே நின்ற வேற்றுக்குலத்து விதவை.

பிறரைக் குறை கூறுமுன் நம் வரலாற்றையும் நோக்குவோம். மகாபிரஜாபதி கௌதமி துறவு வேண்டியபோது பகவர் மும்முறை மறுத்தார். ஆனந்தர் பரிந்து பேசிய பின்னரே இசைந்தார்; அப்போதும் எட்டு விதிகள் பிக்குணியரைப் பிக்குகளுக்குக் கீழே வைத்தன. நம் சங்கத்திற்கும் ஒரு வாயிற்படி இருந்தது. எனினும் அப்படியைக் கடந்தபின், சாக்கிய குலத்து அரசியும், கணிகையாயிருந்த அம்பபாலியும், அடிமைப் பெண்ணாயிருந்த புண்ணிகையும் ஒரே சங்கத்தவராயினர். அங்கே பிறப்பு கேட்கப்படவில்லை.

எனவே, குறையுள்ள நன்மையை நன்மையன்று என்று தள்ளவேண்டா. அதனை முடிந்த நன்மை என்றும் கொள்ளவேண்டா. வெளியே நிற்பவளுக்கு அது தீர்க்கவேண்டிய கடன்.

பெங்களூரில் வாழும் நமக்கு இது பழங்கதை அன்று. வேலை தேடி இந்நகர் வரும் நம் பெண்களிடம், அறை காட்டுமுன் ஊரையும் உணவையும் கேட்டுக் குலத்தை அறிய முயல்வோர் இன்றும் உளர். அக்கேள்வியின் சுமையை நாம் அறிவோம். நாளை நாம் ஓர் இல்லம் அமைப்போமாயின், அதன் வாயிலில் நாம் யாரைக் காத்திருக்கச் சொல்லப்போகிறோம்? இதனை முதற்கல் நாட்டுமுன்னரே எண்ணுதல் நம் கடமை.