சாத்திய கதவுக்குள் ஒரு மணி நேரம்

மனச்சோர்வுக்கு ஆன்லைனில் தெரபி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள், வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பதைத்தான் பெரிய வசதியாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுவே முதல் சிக்கலாக இருந்தது. நம் வீடுகளில் தனியாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச இடம் ஏது? ஒரு கூடம், இரண்டு அறை, மாமனார், மாமியார், பள்ளிக்குப் போகிற பிள்ளைகள். பகலில் படுக்கையறைக் கதவைச் சாத்தினால் கொஞ்ச நேரத்தில் யாராவது தட்டுவார்கள். தாழ்ப்பாள் போட்டால் ஏன் போட்டாய் என்று கேட்பார்கள்.

எனக்கு வந்திருப்பது நோய் என்று தெரியவே வெகுகாலம் ஆயிற்று. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்; அணைக்கக் கை போகாது. வாசலில் கோலம் போடுவது எப்போது நின்றது என்று நினைவில்லை. நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், சத்து மாத்திரை தந்தார்கள். வேறொரு குடும்ப மருத்துவர்தான் கடைசியில் ஒரு தாளை எடுத்து, கேள்விகளைத் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டார். மொத்தம் 9 கேள்விகள். கடந்த 2 வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா... ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. உலகம் முழுக்கப் பயன்படுகிற தாள் அது. நடுத்தர அளவு மனச்சோர்வு, பேச்சு சிகிச்சையில் தொடங்கலாம், தேவைப்பட்டால் மாத்திரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். இத்தனை நாள் சோம்பல் என்று பேர் வாங்கிய ஒன்றுக்கு அன்று அவர் நோய் என்று பேர் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த வரிசையில் போய் நிற்கவேண்டும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் முதல் மருந்துக் கடைக்காரர் வரை எல்லோரும் தெரிந்தவர்கள். 'கீழ்ப்பாக்கம்' என்று ஓர் ஊர்ப் பெயரையே கேலிப் பேச்சாக்கி வைத்திருக்கிறோம். 1794-இல் தொடங்கி இன்றுவரை எத்தனையோ பேரைக் கரைசேர்த்த மனநல மருத்துவமனை அங்கே இருப்பதைப் பற்றி அப்போது நினைப்பதே இல்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, சிகிச்சை தேவைப்படுவோரில் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்கு அது கிடைப்பதில்லை. மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். பார்க்கிற கண்களுக்கு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுவது இன்னொரு காரணம். அந்தக் கண்களிலிருந்து ஆன்லைன் என்னைக் காப்பாற்றியது. அதற்காக மட்டுமே அதற்கு நன்றி சொல்வேன்.

யாரிடம் பேசுவது என்பதில் மிகுந்த கவனம் தேவை. கவுன்சலர் என்று இங்கே யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்கலாம். செயலிகள் விஷயத்தில் எனக்கு இன்னும் பயம் போகவில்லை. பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய நிறுவனம், உதவி தேடி வந்தவர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2023-இல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. நெஞ்சு வெடித்துச் சொன்னதை விளம்பரக்காரனிடம் கொடுப்பதா! நான் செயலி வழியாகப் போகாமல், பதிவு பெற்ற ஒரு பெண் உளவியலாளரையே நேரடியாகத் தேடிக்கொண்டேன். தமிழில் பேசுவார் என்பது இன்னொரு காரணம். இங்கிலீஷில் என்னால் லீவு லெட்டர் எழுத முடியும், அழ முடியாது.

முதல் நாள் அவர் என் கஷ்டத்தைக் கேட்கவில்லை. இப்போது எந்த ஊரில், எந்த இடத்திலிருந்து பேசுகிறீர்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவசரம் என்றால் நான் யாரை அழைக்கலாம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். தூரத்தில் இருப்பவருக்கு அது எவ்வளவு முக்கியம் என்று பின்னால் புரிந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுத்தால் திரையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, உடனே யாரையாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிட்டார். யாராவது அறைக்குள் வந்துவிட்டால், "ஜாக்கெட் அளவு அப்புறம் சொல்றேன்" என்று நான் சொல்ல வேண்டும், அவர் பேச்சை மாற்றிவிடுவார் என்றும் ஏற்பாடு.

சின்ன வயதுக் கதையைக் கிளறுவார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு நாளை மணிக்கணக்காகப் பிரித்து எழுதச் சொன்னார். என்ன செய்தேன், அப்போது மனம் எப்படி இருந்தது, அவ்வளவுதான். மனசு சரியாகட்டும், எழுந்து வேலை பார்க்கலாம் என்று நான் காத்திருந்தேன். இந்த நோயில் அது தலைகீழ்: சிறிதாக ஒன்றைச் செய்த பிறகுதான் மனசு கொஞ்சம் அசைகிறது. அதனால் மனசைக் கேட்காமல், எழுதி வைத்த நேரப்படி செய்ய வேண்டும். எனக்கு முதலில் வந்தது நாலு புள்ளிக் கோலம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே இந்த முறையில் 6 முதல் 8 அமர்வுகள் பேசி, கடும் மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு நல்ல பலன் கிடைத்ததை மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

திரைக்குப் பிடிபடாதது நிறைய உண்டு. என் முகத்தைத்தான் அவர் பார்த்தார். மாற்றாத புடவையையும், கீழே நடுங்கிக்கொண்டிருந்த காலையும் பார்க்கவில்லை. ஒருநாள், யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லி அழுது முடித்தபோதுதான் அவர் முகம் வெகுநேரமாக அசையாமல் நிற்பது தெரிந்தது. நெட் போயிருந்தது. திரும்ப வந்து, "சொல்லுங்க, எதுவும் கேட்கல" என்றார். இரண்டாம் முறை எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு படம் நின்றால் உடனே சாதாரண போன் காலுக்கு மாறிவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். ஒளித்து ஒளித்துப் பேசி அலுத்துப்போய் மாமியாரிடம் சொன்னேன்: "அத்தை, மனசுக்கு வைத்தியம் பாத்துக்கறேன். போன்லதான் டாக்டரம்மா பேசுறாங்க." அவர் சற்று நேரம் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். பிறகு, "பேசு ஆத்தா. பிள்ளைகள நான் பாத்துக்கறேன்" என்றார். அன்று கூடத்தில் டிவி சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. என் குரல் வெளியே கேட்கக் கூடாது என்று அவரே கூட்டி வைத்திருக்கிறார். அந்தச் சத்தத்துக்குள்தான் நான் முதன்முறையாகக் குரலை அடக்காமல் பேசினேன். சிகிச்சையில் பாதி அவர் கொடுத்தது.

அப்படி ஒரு அத்தை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசுகிறவர்களும், ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து கிசுகிசுக்கிற பிள்ளைகளும் உண்டு. 2022 அக்டோபரில் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை வந்தது. 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். நல்ல காரியம். ஆனால் எந்த மூலையில் நின்று அழைப்பது? கொலைக்குற்றம் செய்தவர்போல் பதுங்கியா? 2010-இல் சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. அதற்குள் ஏறி உட்கார்ந்து, சென்னையிலிருக்கும் மனநல மருத்துவரோடு திரையில் பேச முடிந்தது. மருந்தும் அந்தப் பேருந்திலேயே கிடைத்தது. திரையோடு சேர்த்து, பேசுவதற்கு ஓர் அறையும் கொண்டுபோக வேண்டும் என்று அவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

அந்த அறை ஒவ்வோர் ஊரிலும் வேண்டும். சுகாதார நிலையத்தில், கல்லூரியில், நூலகத்தில். மேசை, நாற்காலி, நல்ல நெட், பலகை எதுவும் மாட்டாத கதவு. எங்கள் கிளை நூலகத்தில் பழைய செய்தித்தாள் கட்டுகள் அடுக்கிய அறை ஒன்று சும்மா கிடக்கிறது. நூலகரிடம் கேட்டேன். "மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கம்மா, நான் குறிப்பு போட்டு அனுப்புறேன்" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட அத்தையும் வருகிறேன் என்றிருக்கிறார்.