கோணலை நிமிர்த்தும் உரிமை

மேல்சட்டத் தேனீப் பெட்டியில் அடை சட்டத்தோடு நேராக இல்லாமல் கோணலாக வளர்ந்தால், அதை நிமிர்த்த நமக்கு என்ன உரிமை? அடுக்குத் தேனீக்கு வேண்டியது அடைகளுக்கு நடுவே புழங்க இடைவெளி மட்டுமே. மரப்பொந்தில் வளைத்துக் கட்டினாலும் அதற்குக் குறையில்லை. கோணல் முழுக்க நம் கணக்கு: சட்டத்தைக் கழற்றியெடுக்க நமக்குத்தான் நேரான அடை வேண்டும். 1911-17 ஆண்டுகளில், பாதிரியார் நியூட்டன் தென்னிந்தியாவில் பலருக்குத் தேனீ வளர்ப்பு கற்பித்தார். இந்தத் தேனீக்கென்றே கழற்றியெடுக்கும் சட்டங்கள் கொண்ட ஒரு பெட்டியும் வடிவமைத்தார். அத்தகைய சட்டங்களின் பெரிய பயன், புழுவோடு சேர்த்து அடையைப் பிழிய வேண்டாம் என்பதே.

கூட்டில் கை வைப்பதே இம்சை என்பார்கள். தேனையே விலக்கும் சமணர் அப்படிச் சொன்னால் நியாயம் உண்டு. தேனும் வேண்டும், தலையிடவும் மாட்டேன் என்பவரிடம் அந்த நியாயம் செல்லாது. ஓர் அடை இரண்டு சட்டங்களில் ஒட்டிக்கொண்டால், ஒன்றைத் தூக்கும்போது மற்றது கிழியும். புழு நசுங்கும், ஒழுகும் தேனில் தேனீக்கள் மூழ்கும். பெட்டியில் அடைத்தவருக்கு அந்தச் சாவில் பங்குண்டு. ஆகவே தலையிடலாம், ஆனால் முளையிலேயே: பெட்டியை மட்டம் பார்த்து வைத்து, சட்டத்தின் அடியில் மெழுகு விளிம்பு கொடுத்து, உள்ளங்கையளவு அடை வளைந்தால் விரலால் மெல்லத் தள்ளலாம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கோடையில் மெழுகு இளகி அடை அறுந்துவிடலாம் என்பதால், அதையும் வெயில் ஏறுமுன் செய்ய வேண்டும். புழு நிறைந்த கோணல் அடையை வெட்டக் கூடாது. ஓரத்துக்கு நகர்த்தி, புழுக்கள் தேனீயாகி வெளியேறும்வரை காத்திருக்கலாம்.