எறும்புக்குக் கண் உண்டா?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் வழக்கம், வெளிமாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில் தலைகாட்டியுள்ளது. அது தக்கதா, தகாததா என்னும் வழக்கினுள் நாம் இங்குப் புகவில்லை. பள்ளியில் பாடநூலைத் தேர்பவர் வேறு, கற்பிப்பவர் வேறு. குறை நேரின் பழி பலர்மேல் பகிர்ந்து விழும். வீட்டிலோ தேர்பவளும் தாய், கற்பிப்பவளும் தாய். ஆகவே ஒன்பது, பத்து வயதுக் குழந்தைக்கு எந்த அறிவியல் நூலை வாங்குவது என்பது விலையையும் அச்சையும் மட்டும் பொறுத்த வினா அன்று; அறத்தைப் பொறுத்ததுமாகும்.

"நம் ஆகமத்திற்கு மாறான செய்தி ஒன்றும் இல்லாத நூலே வேண்டும்" என்பார் உளர். அக்கருத்தின் பின்னுள்ள அச்சம் நமக்கு விளங்காமல் இல்லை. ஆயினும் எறும்பை எடுத்துக்கொள்வோம். தத்வார்த்த சூத்திரம் எறும்பை மூவறிவுயிர் என வகுக்கிறது. தொல்காப்பிய மரபியலும் அவ்வாறே கூறும். ஊறு, சுவை, நாற்றம் என்னும் மூன்றுமே அதற்குண்டு. கண் இல்லை என்பது இதன் பொருள். குழந்தை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டு கட்டெறும்பை நோக்கினால், தலையின் இருபுறமும் கண்களைக் காண்கிறது. சில எறும்பினங்களுக்குக் கண் மிகச் சிறுத்திருக்கும், சிலவற்றுக்கு இல்லவே இல்லை, பெரும்பாலானவற்றுக்கு உண்டு. தாய் என்ன விடை கூறுவாள்?

இவ்விடத்தே அனேகாந்தத்தைத் துணைக்கழைத்து, "ஒரு நோக்கில் கண் உண்டு, ஒரு நோக்கில் இல்லை" என்று சொல்லித் தப்புவது நமக்கு உடன்பாடன்று. ஒரு பொருளின் பல தன்மைகளையும் பல நிலைகளில் நின்று காணச் சொல்வது அனேகாந்தம். கண்ணெதிரே தெரிவதைக் காணாதிருக்க அது திரையாகாது. அந்தக் கட்டெறும்புக்குக் கண் உண்டு என்பதே விடை. உயிர்களை அறிவின் அளவால் வகுத்த முன்னோர், எவ்வளவு சிறிய உயிரும் துன்புறும் என்பதை இல்லறத்தானுக்கு உணர்த்தவே வகுத்தனர் என்பது நம் துணிபு. எறும்புக்கு ஓர் அறிவு கூடிற்றென்றால் அதனை மிதியாது நடக்கும் கடமை குறைந்தா போயிற்று? அஹிம்சையை அடுத்து வைக்கப்பட்ட அணுவிரதம் சத்தியம் என்பதையும் நினைதல் வேண்டும்.

மறுபுறம் இன்னொரு சறுக்கலும் உண்டு. "விஞ்ஞானம் இன்று கண்டதை நாம் அன்றே கண்டோம்" என்னும் பெருமிதம் அது. நீரைத் துணியால் வடித்துப் பருகும் நம் வழக்கத்தைச் சான்றாகக் காட்டுவர். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் பழைய சேலைத் துணியை மடித்து நீரை வடிகட்டிய சிற்றூர்களில் வாந்திபேதி ஏறக்குறைய 48 விழுக்காடு குறைந்ததென, ரீட்டா கால்வெல் குழுவினரின் ஆய்வு 2003-இல் வெளிவந்தது உண்மையே. நோய்க்கிருமிகள் ஒட்டி வாழும் நுண்மிதவை உயிர்கள் துணியில் தங்கிவிட்டன. ஆனால் தனித்து மிதக்கும் கிருமி துணியைக் கடந்து செல்லும். நீரில் கரைந்த ஆர்சனிக்கும் கடந்து செல்லும். இவ்விரண்டு பகுதியையும் சொல்லும் நூலே நேர்மையான நூல். துணியில் தங்கிய உயிர்களை எடுத்த கிணற்றிலேயே மெல்ல விடவேண்டும் என்கிறோமே, அதை எந்த ஆய்வும் நமக்குக் கற்பிக்கவில்லை. கற்பிக்க வேண்டியதும் இல்லை. அங்கே என்ன இருக்கிறது என்பதை அறிவியல் கூறும். இருப்பதை என்ன செய்வது என்பது நம் பொறுப்பு.

நூலைப் புரட்டும்போது விடைக்கு முன்னர் வினா வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஆசிரியப் பயிற்சிக் காலந்தொட்டு நாம் நம்பிவந்தது இது. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், எளிய பொருள்களைக் கொண்டு பிள்ளைகள் தாமே செய்து காணும்படி பாடங்களை அமைத்தது. 'பால் வைஞானிக்' என்பன அதன் நூல்கள். முப்பது ஆண்டுகள் நடந்த பின் 2002-இல் அரசு அதனை நிறுத்திவிட்டது, வருந்தத்தக்கதே. மனப்பாடத்திற்கு அஞ்சி வீட்டுக் கல்வியை நாடுவோர், விடைகளை மட்டும் அடுக்கிய பளபளப்பான நூலை வாங்கிவைப்பதில் என்ன பயன்?

செய்முறைகளில் நமக்கு ஒவ்வாதனவும் இருக்கும். பட்டாம்பூச்சியைப் புட்டியில் அடை, புழுவைப் பிடித்துவா, செடியை வேரோடு பிடுங்கு என்று சில நூல்கள் கூறும். இதற்காக நல்ல நூலையே ஒதுக்குதல் வேண்டா. கறிவேப்பிலைச் செடியிலும் எலுமிச்சைச் செடியிலும் ஒருவகைப் பட்டாம்பூச்சி முட்டையிடுகிறது. பறவை எச்சம்போல் தோன்றும் இளம்புழு பின்னர்ப் பச்சை நிறம் பெறுவதைச் செடியை விட்டு எடாமலே நாள்தோறும் காணலாம். இலையைச் சற்றே இழக்கும் பொறுமை வீட்டாருக்கு வேண்டும். சன்னலோரம் இறந்து கிடக்கும் பூச்சியைக் கொண்டு உடலமைப்பைக் காட்டலாம். "புட்டியில் அடை" என்னும் வரியை அடித்துவிட்டு, அருகில் "செடியிலேயே பார்" என்று தாய் எழுதட்டும். அதைக் குழந்தையின் முன்னிலையில் செய்து, ஏன் அடித்தாள் என்பதையும் அப்போதே கூறட்டும்.