பாஞ்சாலி சாப்பிட்டாளா?

அன்று வெள்ளிக்கிழமை, பிரதோஷமும் கூட. எங்கள் ஊர் சிவன் கோயிலில் நந்திக்கு அபிஷேகம், தீபாராதனை எல்லாம் முடிந்து, தொன்னையில் தயிர்சாதம் கொடுத்தார்கள். வாசலில் பூக்கட்டும் பெண்மணியும் வரிசையில் வந்து வாங்கிக்கொண்டார். ஆனால், சாப்பிடவில்லை. வாழையிலைத் துண்டால் மூடி, நாரால் கட்டி, பூக்கூடைக்குள் பத்திரமாக வைத்தார்.

''ஏம்மா, நீ சாப்பிடலையா?''

''விரதங்கய்யா.''

''பிரதோஷ விரதம்தான் பூஜையோட முடிஞ்சுதே. பிரசாதம் சாப்பிட்டுத்தானே முடிக்கணும்?''

''வீட்ல புள்ளைங்க இருக்குதுங்க...''

பேச்சு வளர்ந்தது. செவ்வாய்க்கிழமை அம்மனுக்கு விரதம், வியாழன் குரு பகவானுக்கு, வெள்ளி மகாலட்சுமிக்கு. ''சனிக்கிழமை பெருமாளுக்கு இருக்கறதில்லையா?'' என்று கேட்டேன். ''அன்னிக்குத்தானேய்யா அவருக்குக் கூலி வருது!'' என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நெஞ்சை உறுத்த ஆரம்பித்தது.

சனிக்கிழமை வாங்கும் மளிகையும் காய்கறியும் அடுத்த சனி வரை வரவேண்டும். வியாழன் வந்தால் பானையின் அடி தெரிகிறது. அப்போது யாருடைய தட்டில் குறைப்பது? குழந்தைகள் தட்டில் முடியாது. உழைத்து வரும் கணவர் தட்டிலும் மனம் வராது. மாமியார் மாத்திரை சாப்பிடுகிறவர். மிச்சமிருப்பது ஒரே ஒரு தட்டுதான். அதற்கு 'விரதம்' என்று பெயர் வைத்துவிட்டால், யாருக்கும் குற்ற உணர்வு இல்லை!

வாசகர்களே, இது விரதமா?

'இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்மணியின் பக்தியை எடைபோட நான் யார்? ஆனால், அவரது விரதத்தால் வயிறு நிறைகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். உணவு எதிரில் இருக்க, மனம் விரும்பி விலக்குவது விரதம். பானையில் இல்லாததால் விலகி நிற்பதை என்னவென்று சொல்வது?

வனவாசத்தில் தருமபுத்திரருக்குச் சூரிய பகவான் அளித்த அட்சய பாத்திரத்தின் கதை நம் அனைவருக்கும் தெரியும். பாஞ்சாலி சாப்பிட்டு முடித்துவிட்டால், அன்றைக்கு அதில் அன்னம் சுரக்காது. அதனால்தான் துர்வாசர் தம் சீடர்களோடு வந்து நின்றபோது அவள் தவித்துப் போனாள். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், 'பார்த்தாயா, குடும்பத் தலைவி எல்லோரும் உண்ட பிறகு கடைசியில்தான் உண்டாள்' என்றே நாம் பாடம் படித்திருக்கிறோம்.

கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பாஞ்சாலி சாப்பிடும் வரை பாத்திரம் வற்றாது என்பதல்லவா அந்த வரம்! எத்தனை அதிதிகள் வந்தாலும், அவளுக்கான அன்னம் அதற்குள் இருந்தே தீரும். நம் வீடுகளில் பாஞ்சாலி கடைசியில் உண்ணும் வழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம், வரத்தை விட்டுவிட்டோம். இங்கே அவள் வந்து அமரும் முன்பே பாத்திரம் வற்றிவிடுகிறது.

தர்ம சாஸ்திரம் சொல்லும் பந்தி வரிசையும் பலருக்குத் தெரிவதில்லை. புதிதாக மணமாகி வந்த பெண்கள், சிறுமியர், நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அதிதிக்கும் முன்பாகவே உணவிடு என்கிறது அது. மற்றவர்கள் உண்ட பின் மிச்சத்தைச் சாப்பிட வேண்டியவர்கள் யார் தெரியுமா? கணவனும் மனைவியும்! மனைவி மட்டும் என்று அங்கே சொல்லவில்லை.

இது ஏதோ சாஸ்திர விசாரணை என்று நினைத்துவிடாதீர்கள். 2019-21ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல. கடைசிப் பந்தியும் அதில் ஒன்றாக இருக்காது என்று யாராவது சொல்லட்டும்!

'கையில் காசு இல்லையே, என்ன செய்ய?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், நல்ல சாப்பாடு என்றால் காசு கொட்டிச் செய்வது என்று நமக்கு யார் சொன்னது? ஆண்டவனே அப்படிக் கேட்கவில்லையே! ஆவுடையார்கோவிலில் ஆத்மநாதருக்குப் புழுங்கல் அரிசி சாதமும் கீரையும் பாகற்காயும்தான் நைவேத்தியம். விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார், மழையில் விறகு விலைபோகாத நாளில் மாவைக் கிளறிக் கொடுத்த களியைத் தில்லைக் கூத்தன் விரும்பி ஏற்றான் என்பார்கள். ஆடி மாதத்தில் அம்மனுக்கு ஊற்றுவது கேழ்வரகுக் கூழ்.

அந்தக் கேழ்வரகில் அரிசியைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச் சத்து உண்டு. ரேஷனில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலை. பருப்பு குறைந்தால் கொள்ளும் தட்டைப்பயறும் இருக்கின்றன. பக்கத்து வீட்டு முருங்கையை ஒடித்துக்கொள்ளச் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். கீரையோடு எலுமிச்சைச் சாறு கொஞ்சம் சேர்ந்தால், அதிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும். சந்தை கலையும் நேரத்தில் கத்திரிக்காயும் தக்காளியும் கூறு கட்டித் தருவார்கள். இதெல்லாம் அந்தப் பூக்காரப் பெண்மணிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சமைப்பதில் அவரிடம் குறை இல்லை, பரிமாறுவதில்தான்.

காஞ்சி மகா பெரியவர் பிடி அரிசித் திட்டத்தை வலியுறுத்தியதைப் பலர் அறிவீர்கள். இல்லத்தரசி தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டு வைக்க வேண்டும். அது தெய்வ காரியத்துக்கும் ஏழைகளுக்கும். அதன் சூட்சுமம் இதுதான்: எடுப்பது முதலில்! சாப்பிட்டு மிஞ்சியதிலிருந்து என்றிருந்தால், ஒரு நாளும் மிஞ்சியிருக்காது.

அம்மாவின் பங்குக்கும் அதே முறைதான் வேண்டும். பரிமாறத் தொடங்கும் முன்பே ஒரு கிண்ணத்தில் சோறு, குழம்பு, கீரை எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். அவர் வைக்கமாட்டார், மகனோ மகளோ கணவரோதான் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் மற்ற தட்டுகளில் ஆளுக்கு ஒரு கரண்டி குறையும். குறையட்டுமே! ஒருவர் பட்டினியை ஐந்து பேர் பகிர்ந்தால், அது பட்டினியாக இருக்காது.

அடுத்த பிரதோஷத்தன்று அந்தப் பெண்மணியிடம் பாஞ்சாலியின் பாத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். பூவைத் தொடுத்தபடியே கேட்டார்.

''அவளுக்கு வீட்ல அஞ்சு பேருதானேய்யா? எனக்கு ஆறு பேரு!''

சொல்லிவிட்டு, கட்டி வைத்திருந்த தொன்னையின் நாரை அவிழ்த்தார். இரண்டு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மீதியை மறுபடி மூடிக் கூடைக்குள் வைத்தார்.