முகம் கோணாமல்

"முகம் கோணாம பாத்துக்கிட்டா." மாமியாரின் சாவு வீட்டில் ஒரு மருமகளுக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு இது. படுத்த படுக்கையானவரைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தது, பீ மூத்திரம் அள்ளியது, கஞ்சி புகட்டியது எல்லாம் பின்னுக்குப் போய்விடும். மதிப்பெண் முகத்துக்குத்தான். இதே வேலையை மகன் செய்திருந்தால், செய்தான் என்பதே பெருமை. அவன் முகம் எப்படி இருந்தது என்று எவரும் விசாரிப்பதில்லை.

முதியவரைப் பேணுவது கடமை. சிரித்த முகத்தோடு பேணுவதும் கடமையா?

இல்லை என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. குளிப்பாட்டும் கையில் வெறுப்பு இருந்தால் கிழவிக்கு அது உடனே தெரியும். இன்னொருமுறை எழுப்பிக் கழிவறைக்குக் கூட்டிப்போகச் சொல்ல வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் முதியவர்கள் உண்டு. கடுகடுத்த முகம் உடம்பையும் கெடுக்கும். அன்பில்லாத பராமரிப்பு பாதிப் பராமரிப்புதான்.

ஆனால் அந்தச் சிரித்த முகத்தின் விலை என்ன? மறதி நோய் வந்த மாமியார், "என் சங்கிலிய இவதான் எடுத்துட்டா" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார். அது நோயின் கோளாறு என்று மருத்துவர் விளக்குவார். விளக்கம் புத்திக்கு எட்டும். பட்ட அவமானம் பட்டதுதான். அதை விழுங்கிவிட்டு, அடுத்த வேளை மாத்திரையைக் கொஞ்சிக் கெஞ்சிக் கொடுக்க வேண்டும். மனத்தை அடக்கி முகத்தை மலர்த்துவதும் உழைப்பே என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்ட் 1983இல் எழுதினார். அவர் ஆராய்ந்தது விமானப் பணிப்பெண்களை. அவர்களுக்குச் சம்பளம் உண்டு, விமானமும் தரையிறங்கிவிடும்.

இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, குடும்பத்தினரைப் பராமரிப்பதில் ஈடுபட்ட பெண் நாளுக்குச் சராசரியாக 134 நிமிடங்களும் ஆண் 76 நிமிடங்களும் செலவிட்டார்கள். குழந்தை வளர்ப்பும் இதில் சேர்த்தி. விழுங்கிய சொற்கள் எந்த நிமிடக் கணக்கிலும் வராது.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அது பிள்ளைகள் என்று வரையறுத்தது மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரை. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. மகனிடம் சட்டம் கேட்டது ஜீவனாம்சம். அதற்கும் மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு. சட்டம் கேட்காத ஒருத்தியிடம் ஊர் கேட்கிறது, அதுவும் வரம்பே இல்லாமல்.

அவளுக்குப் பணம் கொடுத்துவிட்டால் நியாயம் ஆகிவிடுமா? ஜப்பான் 2000இல் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கும் முன் இதே கேள்வி எழுந்தது. குடும்பத்துக்கு ரொக்கம் கொடுப்பது மருமகள்களை அந்த வேலையிலேயே கட்டிப்போடும் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. காப்பீடு ரொக்கமாக அல்லாமல் சேவையாகவே அமைந்தது. ஆளை வைத்துச் செய்யக்கூடிய உடல் வேலைக்கு அது நல்ல வழி. இங்கோ வீட்டோடு இருக்கும் செவிலிப் பெண்ணிடமும் சம்பளத்துக்குள்ளேயே பாசத்தை எதிர்பார்க்கிறோம்.

மாமியார்மேல் உண்மையாகவே உயிராய் இருக்கும் மருமகள்களும் உண்டு. அது அவர்கள் மனமுவந்து தரும் கொடை. கொடையை வசூலிக்கப் பார்ப்பது அநியாயம்.

பாசத்துக்குக் கடன்பட்டிருப்பவர்கள் அவர் பெற்று வளர்த்த பிள்ளைகள். ஆயிரம் முறை கேட்ட கதையை இன்னொருமுறை கேட்க அம்மாவின் கட்டிலருகே உட்கார வேண்டியவன் மகன். அந்தப் பொறுப்பை மனைவியின் பெயருக்கு மாற்றி எழுத அவனுக்கு உரிமையில்லை.