கொக்கி எங்கே?

"எல்லாம் சரிம்மா, இதை அந்தப் பொண்ணு எப்படி மாட்டிக்கும்? கொக்கி எங்க, ஜிப் எங்க?" என்று கேட்டார் எங்கள் தெரு டெய்லர் அண்ணன். அவர் கையில் இருந்தது அலாயின் படம். ஆம்ஸ்டர்டாமின் கெரில்லா நிறுவனம் உருவாக்கி 2017இல் வெளிவந்த 'ஹொரைசன் ஜீரோ டான்' வீடியோ விளையாட்டின் நாயகி அவள். 2024 பிப்ரவரியில் சென்னைக்கு முதன்முறையாக காமிக் கான் விழா வருகிறது என்று தெரிந்ததுமே, அது நடக்கும் நந்தம்பாக்கத்துக்கு அலாயாகத்தான் போவது என்று தீர்மானித்திருந்தேன். திரையில் உள்ளபடியே, ஒரு முடிச்சுகூட மாறாமல்.

அண்ணனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அலாய் உடை மாற்றுவதை யாரும் பார்த்ததில்லை. மெனுவில் பொத்தானை அழுத்தினால் மாறிவிடும். அவள் உடைக்கு உள்பக்கமே கிடையாது, வெறும் மேல்தோல். முதுகில் ஈட்டி தானாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இப்படிக் கதாபாத்திரங்களைப் போல உடுத்தி காஸ்ப்ளே செய்பவர்களுக்கென்றே கெரில்லா ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. அதுவும் போதாமல், விளையாட்டின் போட்டோ மோடில் கேமராவைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, ஒரு தோள்வாரை மட்டும் நான்கு இரவுகள் பார்த்தேன். காலை வெயிலில் செம்மண் நிறமாக இருக்கும் தோல் இரவில் கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறது. எது அசல்? மேகம் மூடிய பகலில் தெரிவதே அதன் நிறம் என்று நானாக முடிவு செய்தேன்.

பெரியமேட்டில் தோல் துண்டுகளும், செருப்புக்குப் பயன்படும் ஈ.வி.ஏ. ஷீட்டும் வாங்கினேன். ஹீட் கன்னால் சூடு காட்டினால் ஷீட்டின் மேற்பரப்பு இறுகி லேசாகப் பளபளக்கும். சூடு ஆறுவதற்குள் வளைத்துவிட வேண்டும். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து சேர்க்க வேண்டும். சேர்த்தபின் நகர்த்த முடியாது. அவசரப்பட்டு ஒரு தோள்கவசத்தையே பாழாக்கினேன். கறுப்பு அக்ரிலிக்கை நீர்க்கக் கரைத்துப் பூசித் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் அழுக்கு தங்கும். நேற்று செய்த கவசம் பல வருஷம் காட்டில் அலைந்தது போல் ஆகிவிடும். அந்த நிமிடத்துக்காகவே இன்னும் பத்து உடை செய்யலாம்.

"யாரோ வரைஞ்சதை அப்படியே செய்யறதுக்கு இவ்ளோ பாடா அக்கா? சொந்தமா ஏதாவது செய்யேன்" என்றான் தம்பி. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலை, அம்மா வேலைக்குக் கட்டும் பழுப்புப் புடவையைக் கொடியில் பார்த்தேன். தோளில் வரும் இடத்தில், பின் குத்திக் குத்தி விழுந்த பொடித் துளைகள், வரிசையாக. எத்தனையோ முறை நானே மடித்து வைத்த புடவை அது. அந்தத் தோள்வாரோடு நான்கு இரவுகள் உட்கார்ந்திருக்காவிட்டால் அன்றும் கண்ணில் பட்டிருக்காது. பிரதி எடுப்பவர் அப்படிப் பார்த்தே ஆக வேண்டும். அந்தப் பார்வை எனக்குச் சொந்தமானதுதான்.

முகத்தை மட்டும் மாற்றவில்லை. அலாய் வெளுத்த நிறம், நான் கறுப்பு. உடையில் எவ்வளவு துல்லியம் வேண்டுமானாலும் கேளுங்கள், தருகிறேன். என் தோலிடம் அதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

கடைசியில் அண்ணன்தான் வழி சொன்னார்: இடது அக்குளுக்குக் கீழே, பட்டைகளின் மடிப்புக்குள் ஆறு கொக்கிகள். ஈட்டிக்கு, முதுகுப்பக்க லைனிங்குக்குள் இரண்டு காந்தங்களை வைத்துத் தைத்தார்.

நந்தம்பாக்கத்தில் எடுத்த படத்தை அவரிடம் காட்டினேன். ஈட்டியையோ செம்பட்டைச் சடையையோ அவர் பார்க்கவில்லை. இரண்டு விரலால் இடப்பக்கத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"கொக்கி தெரியலைல்ல?" என்றார்.